பெயர் கடைசியில் வரட்டும்

மாவடிப்பள்ளிப் பக்கத்து வட்டையொன்றில், விதைத்து ஒரு மாதமாகும் வயலின் வரம்பில் நாம் நின்றிருந்தோம். பல ஆண்டுகள் வேறிடங்களில் இருந்துவிட்டுக் காணிக்குத் திரும்பிய குடும்பம் அது. தகப்பனார் வேளாண்மை செய்த காலத்தில் சிறுவனாயிருந்தவர் இப்போது நாற்பதைக் கடந்த குடும்பத் தலைவர். இடைப்பட்ட காலத்தில் கொழும்பில் கடைச் சிப்பந்தியாகவும், பிறகு கட்டாரில் சாரதியாகவும் இருந்திருக்கிறார். வயலில் முளைத்ததில் பாதி களை என்று அவருக்கும் தெரிந்திருந்தது. கோரை என்று யாரோ சொன்னார்கள். மனைவியின் காப்பை ஈடு வைத்து, கோரைக்குரிய களைநாசினியை வாங்கி அடித்தார். பத்து நாள் கழிந்தும் களை அப்படியே நின்றது.

அயல் வயலின் வாடியிலிருந்து முதிய ஹாஜியார் ஒருவர் இறங்கி வந்தார். சேற்றில் குனிந்து இரண்டு நாற்றைப் பிடுங்கினார். இரண்டிலும் இலையை மெல்ல வெளிப்பக்கமாக மடக்கி, இலை தாளைவிட்டுப் பிரியும் மூட்டை எமக்குக் காட்டினார். "தம்பி, இதில நாக்கு இரிக்கி, காதும் இரிக்கி. இது நெல்லு. மத்ததில ரெண்டுமில்ல, பாருங்க. இது நெற்சப்பி. கோரையெண்டு ஆரு சொன்ன?"

அதற்கு மறுமொழி சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. காப்பு இன்னும் ஈட்டுக்கடையில் இருக்கிறது.

எம்.சி.பி.ஏ. என்ற களைநாசினி கோரை வகைகளையும் அகன்ற இலைக் களைகளையும் அழிக்கும். புல் வகையை அது ஒன்றும் செய்யாது. நெல்லும் ஒரு புல், நெற்சப்பியும் ஒரு புல். அதனால்தான் அந்த மருந்தை நெல்லுக்கு மேல் அடிக்க முடிகிறது. அதே காரணத்தால்தான் நெற்சப்பியும் தப்பிப் பிழைக்கிறது. அந்தச் சகோதரர் அலட்சியத்தால் தவறவில்லை. அவர் பெயரிலிருந்து தொடங்கினார். "இதன் பெயர் என்ன?" என்று பிறரைக் கேட்டு, சொன்ன பெயரை நம்பினார். ஹாஜியாரோ பெயரைக் கடைசியில்தான் சொன்னார். அதற்கு முன், "இதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை?" என்று செடியையே கேட்டார்.

இந்த முறைக்குப் பாடசாலையில் ஒரு பெயர் உண்டு. விஞ்ஞானப் பாடத்தில் பிள்ளைகள் 'இணைக்கவர்ச் சுட்டி' என்று படிப்பது இதுவே. ஒவ்வொரு படியிலும் ஒன்றுக்கொன்று மாறான இரண்டு கூற்றுக்கள் இருக்கும். முதுகெலும்பு உண்டு அல்லது இல்லை. உண்டென்றால் சிறகு உண்டு அல்லது இல்லை. இப்படி ஒவ்வொரு கவரிலும் ஒரு பக்கத்தைக் கைவிட்டு மறுபக்கம் போனால், முடிவில் ஒரு பெயரில் போய் நிற்போம். கூட்டத்தை ஒவ்வொரு தடவையும் சரிபாதியாகப் பிரிக்க முடிந்தால் மூன்று கேள்வியில் எட்டு உயிர்களையும், ஐந்து கேள்வியில் முப்பத்திரண்டு உயிர்களையும் வேறுபடுத்திவிடலாம். எமது பிள்ளைகள் காகம், வண்ணத்துப்பூச்சி, மீன், தவளை என்று கொப்பியில் படம் போட்டு இதைச் செய்து புள்ளியும் வாங்குகிறார்கள். அத்தோடு கொப்பி மூடப்படுகிறது. காகத்தையும் மீனையும் பிரித்தறிய யாருக்கும் சுட்டி வேண்டியதில்லை. வேண்டிய இடம் வயல். அங்கே அந்தக் கொப்பி போவதேயில்லை.

இந்த முறையை நூலாக்கிப் பரப்பியவர் பிரான்சு நாட்டு லமார்க். அவரைக் குருவாக்க எண்ணிய தந்தை, அமியேன் நகரிலிருந்த இயேசு சபைக் கல்லூரிக்கு அனுப்பினார். தந்தை இறந்ததும் மகன் கல்லூரியை விட்டுப் போர்ப்படையில் சேர்ந்துகொண்டார். (குருமடத்தில் படித்த எமக்கு இதைச் சொல்வதில் ஒரு சிறு தயக்கம் உண்டுதான்.) பின்னர் தாவரவியலில் இறங்கிய அவர், 1778 இல் தம் நாட்டுத் தாவரங்கள் பற்றிய நூலை வெளியிட்டார். அக்காலத்துப் பெரிய நூல்கள் இலத்தீன் மொழியில் இருந்தன. அவர் மக்கள் பேசும் பிரெஞ்சில் எழுதினார். முன்பின் அறியாத ஒருவரும் ஒரு செடியைக் கையில் வைத்துக்கொண்டு, இரண்டிரண்டு கூற்றுக்களாகத் தெரிந்தெடுத்து அதன் பெயரைக் கண்டடையலாம் என்பதே அவரது நோக்கம். ஆக, இந்த முறை பிறந்ததே பண்டிதர் அல்லாதவர்களுக்காக.

எமது நாட்டில் நடந்தது வேறு. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராயிருந்த ஹென்றி டிறிமன் இலங்கைத் தாவரங்கள் பற்றிய பெரு நூலை எழுதத் தொடங்கினார். 1893 முதல் 1900 வரை ஐந்து பாகங்களாக அது வெளிவந்தது. இடையில் 1896 இல் அவர் இறந்துபோக, ஜோசப் ஹூக்கர் என்பவர் எஞ்சியதை முடித்தார். அந்த நூலில் பல செடிகளுக்குச் சிங்களப் பெயரும் தமிழ்ப் பெயரும் குறிக்கப்பட்டுள்ளன. அந்தப் பெயர்களை வழங்கி வந்தவர்கள் எமது பாட்டன்மார்தாம். ஆனால் சுட்டி முழுவதும் ஆங்கிலத்திலேயே இருந்தது. 1980 முதல் வெளிவந்த திருத்திய பதிப்பும் ஆங்கிலமே. பெயரைத் தந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அந்தப் பெயருக்குப் போகும் வழியை வாசிக்க முடியாதவர்களாக நிற்கிறார்கள். இதைக் கலைச்சொற் பஞ்சம் என்று யாரும் சாதிக்க வேண்டாம். கல்முனைக்கு அடுத்த காரைதீவில் 1892 இல் பிறந்த விபுலாநந்த அடிகள் 1930களிலேயே தமிழில் கலைச்சொல் ஆக்கும் பணியில் முன்னின்றவர். சொல் எப்போதோ வந்துவிட்டது. வயலுக்குத்தான் அது வரவில்லை.

மொழியை மாற்றினால் மட்டும் போதுமா என்றால், போதாது. தாவரவியலாளரின் சுட்டி பெரும்பாலும் பூவைக் கேட்கும், காயைக் கேட்கும். அவர்களுக்கு அது சரி, ஏனென்றால் பூதான் எளிதில் மாறாத அடையாளம். ஆனால் நெற்சப்பி பூத்த பிறகு அதை அடையாளம் கண்டு என்ன பயன்? அதற்குள் அது பசளையை உண்டு, நெல்லை அமுக்கி, விதையையும் சிந்திவிடும். கமக்காரனுக்கு வேண்டியது மூன்று நான்கு இலைப் பருவத்தில் பதில் சொல்லும் சுட்டி. நாற்று நட்ட வயலென்றால் வரிசைக்கு வெளியே நிற்பதைப் பிடுங்கி எறிந்துவிடலாம். எமது கரையில் பெரும்பாலும் விசிறி விதைக்கிறோம். அங்கே வரிசை இல்லை, மூட்டைப் பார்ப்பதைத் தவிர வேறு வழியும் இல்லை.

அப்படி ஒரு சுட்டியை ஹாஜியாரின் வாய்ச்சொல்லைக் கொண்டே நாம் எழுதிப் பார்த்தோம். முதற் கேள்வி: இலை நீண்டு ஒடுங்கி, நரம்புகள் நெடுக ஓடுகிறதா, அகன்று இருக்கிறதா? அகன்றதென்றால் அது ஒரு பக்கம் போகட்டும். ஒடுங்கியதென்றால் அடுத்த கேள்வி: தண்டை விரலுக்கிடையில் உருட்டிப் பார்க்கையில் மூன்று மூலை தட்டுப்படுகிறதா? தட்டுப்பட்டால் கோரை. இங்கேதான் எமது முதற் பிழையும் நேர்ந்தது. சில கோரைகளின் தண்டு உருண்டையாகவே இருக்கும். ஆகவே மூலையைக் கேட்பதோடு கணுவையும் இலை அடுக்கையும் கேட்க வேண்டும் என்று திருத்தினோம். புல்லின் தண்டில் கணு உண்டு, இலைகள் இரண்டு வரிசையில் எதிரெதிராக வரும். கோரையின் தண்டில் கணு இல்லை, இலை உள்ளவற்றில் அவை மூன்று வரிசையில் வரும். புல் என்று தெளிந்த பிறகுதான் ஹாஜியாரின் கேள்வி. இலை பிரியும் மூட்டில் வெள்ளையாய் மெல்லிய தோல்போல ஒரு நாக்கு உண்டா? அந்த நாக்கின் இரு பக்கமும் தாளை அணைத்தபடி மயிருள்ள இரண்டு சிறு காது உண்டா? இரண்டும் இருந்தால் நெல். இரண்டும் இல்லையென்றால் நெற்சப்பி இனம். நாக்கு இருந்து காது இல்லையென்றால் வேறு புல்.

எழுதிய தாளை, வயலையே அறியாத ஒரு பிள்ளையின் கையில் கொடுத்தோம். சுட்டியை எழுதியவரே சோதித்துப் பார்ப்பதில் பயனில்லை, ஏனென்றால் அவருக்கு விடை முன்னமே தெரியும். பத்தாம் வகுப்புப் படிக்கும் பேத்தி ஒருத்தி வரம்பில் இருந்து பத்துச் செடியைப் பார்த்தாள். "பெரிய இலை" என்று நாம் எழுதிய இடத்தில், "எதைவிடப் பெரிசு, பாதர்?" என்று கேட்டாள். அந்தச் சொல்லை வெட்டிவிட்டு, அவளுடைய சுண்டுவிரல் அகலத்தை அளவாக எழுதினோம். "அடித்தாள் சிவந்திருக்கும்" என்றும் எழுதியிருந்தோம். நெற்சப்பியின் அடி பல வேளை சிவந்திருப்பது உண்மைதான். ஆனால் எல்லாச் செடியிலும் அப்படியில்லை, சில நெல்லினங்களும் அடியில் சிவப்பவை. அதையும் வெட்டினோம். நிறத்தை மட்டும் நம்பிக் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஏமாற்றுகிறது.

இதைப் படிக்கும் சிலர், "எங்கட பெரியவர்கள் ஒரு பார்வையிலேயே சொல்லிவிடுவார்களே, இத்தனை கேள்வி எதற்கு?" என்று கேட்கலாம். பெரியவர்கள் அப்படிச் சொல்லுவார்கள் என்பது உண்மை. ஆனால் அந்தப் பார்வை ஒரு வட்டையில், ஒரு நீர்ப்பாய்ச்சலில், நாற்பது ஐம்பது போகம் நின்று வந்த பார்வை. தகப்பனோடு வயலுக்குப் போன மகனுக்கு அது சொல்லாமலே வந்து சேர்ந்தது. இடம்பெயர்ந்த குடும்பத்தில் அந்தச் சங்கிலி அறுந்துவிடுகிறது. 1990 இன் குழப்பங்களில் வயலுக்குப் போகமுடியாமற் போனவர்கள், 2004 டிசம்பர் 26 இன் ஆழிப்பேரலையில் மூத்தவர்களையே பறிகொடுத்தவர்கள், ஒலுவில் துறைமுகத்துக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு வேறிடம் தேடியவர்கள் என்று இந்தக் கரை எத்தனை பேரைக் கண்டுவிட்டது! அந்தப் பேரலையில் இந்த மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனை முதல் சாய்ந்தமருது வரை எத்தனை மூத்தவாப்பாமார், எத்தனை மூத்தம்மாமார்! அவர்களோடு போனவற்றில் இந்தப் பார்வையும் ஒன்று. அதை யாரும் இழப்பீட்டுப் படிவத்தில் எழுதவில்லை. எழுத நிரலும் இருக்கவில்லை.

2021 இல் இரசாயன உரத்தையும் பீடைநாசினிகளையும் இறக்குமதி செய்வது தடுக்கப்பட்டபோது இது வெளிப்படையாகத் தெரிந்தது. அவ்வாண்டு முடியுமுன் தடை தளர்த்தப்பட்டது. எனினும் களைநாசினி கிடைக்காத அந்த வேளையில் கையால் களை பிடுங்க இறங்கிய இளையவர்கள் சிலர், களையை விட்டுவிட்டு நெல்லைப் பிடுங்கியதை நாம் கண்டோம். சிரிப்பதற்குரிய காரியமல்ல அது. போத்தல் இருந்த காலத்தில் கற்றுக்கொள்ளும் தேவை அவர்களுக்கு வரவேயில்லை.

ஆனால் சுட்டி எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நினைத்தால் அதுவும் ஆபத்து. ஒரு சுட்டி, அதை எழுதியவர் மனதில் வைத்திருந்த உயிர்களுக்குள் மட்டுமே உண்மை பேசும். அதற்கு வெளியேயுள்ள ஒன்றைக் கொண்டுபோனால், தெரியாது என்று அது சொல்லாது. ஏதோவொரு பெயரை உறுதியாகச் சொல்லிவிடும். களைநெல் இதற்குச் சரியான உதாரணம். பன்றிநெல் என்று நாம் ஏசுவது இதைத்தான். 1990களில் எமது அம்பாறை மாவட்டத்தில் கவனத்துக்கு வந்த இந்தக் களை, பின்னர் நெல் விளையும் பல மாவட்டங்களுக்கும் பரவியது. அதன் மூட்டைப் பாருங்கள். நாக்கும் உண்டு, காதும் உண்டு. ஹாஜியாரின் கேள்விகள் எல்லாவற்றுக்கும் அது நெல் என்றே பதில் சொல்லும். ஏனென்றால் அதுவும் நெல்தான். முற்றும் முன்னரே மணியைக் கொட்டிவிடும் நெல். அடுத்த போகத்தில் அந்த மணி தானாகவே முளைக்கும். நெல்லைக் கொல்லாமல் அதை மட்டும் கொல்லும்படி சாதாரண களைநாசினியிடம் கேட்க முடியாது.

அதற்கு வேறு சுட்டி வேண்டும், வேறு பருவத்தில், வேறு கேள்வியோடு. கதிர் வரும் வேளையில், சுற்றியுள்ள பயிரைவிட உயர்ந்து நிற்கிறதா? கதிரை உள்ளங்கையில் வைத்து இலேசாகத் தட்டினால் மணி உதிர்கிறதா? இதைவிட முந்திய இடம் விதைநெல் மூடை. ஒரு பிடி விதையை வெள்ளைத் துணியில் பரப்பி, விதைத்த இனத்துக்கு இல்லாத வால் எந்த மணியிலாவது நீண்டிருக்கிறதா, சிலவற்றை உமி நீக்கினால் உள்ளே சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெள்ளை அரிசி இனத்தில் சிவந்த மணி கிடந்தால் அந்த மூடையைச் சந்தேகிக்கலாம். வால் இல்லாத களைநெல்லும் உண்டு என்பதை மறக்கவேண்டாம். களைநெல் பரவுவது பெரும்பாலும் கலப்பட விதைநெல்லாலும், ஒரு வட்டையிலிருந்து இன்னொரு வட்டைக்குக் கழுவாமல் வரும் அறுவடை இயந்திரத்தாலும்தான். இடம்பெயர்ந்து திரும்பும் குடும்பத்துக்குச் சொந்த விதை இருக்காது. நிவாரணமாகவோ கடனாகவோ வந்த மூடையைக் கேள்வி கேட்பது நன்றிகெட்ட செயல் என்று எமது மக்கள் கூச்சப்படுகிறார்கள். கூச்சம் வேண்டியதில்லை. கொடுப்பவர்கள் நாமாக இருந்தாலும் மூடையைப் பிரித்துப் பாருங்கள்.

பாம்பு விடயத்தில் இந்த எச்சரிக்கை இன்னும் கடுமையானது. நுவரெலியாவில் பிறந்த பிராங்க் வோல் என்னும் இராணுவ வைத்தியர் 1921 இல் இலங்கைப் பாம்புகள் பற்றிப் பெரிய நூலொன்றை எழுதினார். நஞ்சுள்ள பாம்பை அறிய அவர் வகுத்த வழி வாலிலிருந்து தொடங்குகிறது. வால் துடுப்புப்போல் தட்டையென்றால் கடற்பாம்பு. கரைவலை இழுப்பவர்களுக்கு இது புதிதல்ல. அதற்கு மேல் வயிற்றுச் செதிள், முதுகுச் செதிள், உதட்டுச் செதிள் என்று அந்த வழி நீளுகிறது. அருமையான வேலை அது. ஆனால் அது செத்த பாம்பைக் கையில் வைத்திருப்பவருக்கானது. இரவில் குடிலுக்குள் டோர்ச் வெளிச்சத்தில் செதிள் எண்ண முடியாது, எண்ணவும் கூடாது. கட்டுவிரியனைப்போலவே பட்டை போட்ட நஞ்சற்ற சிறு பாம்புகள் உண்டு. நஞ்சற்றது என்று நம்பிக் கட்டுவிரியனைப் பிடித்தவர்களும் இருக்கிறார்கள்.

நிலத்தில் பாய் விரித்து உறங்கும் தற்காலிகக் குடில்வாசிகளுக்குக் கட்டுவிரியனே பெரிய பயம். அது கடிப்பது இரவில், பல வேளை வலியே தெரியாமல். ஆகவே கடிபட்டவர் வீட்டில் நின்று பாம்பின் பெயரைத் தேடக்கூடாது. கடித்த இடத்தை அசைக்காமல் உடனே ஆசுபத்திரிக்குப் போகவேண்டும். பாம்பைத் துரத்தவும் வேண்டாம், பிடித்துக்கொண்டு வரவும் வேண்டாம். ஆபத்தில்லாமல் தூரநின்று படம் எடுக்க முடிந்தால் அது வைத்தியருக்கு உதவும். இங்கே நீண்டகாலமாகப் பயன்படும் இந்தியத் தயாரிப்பு நஞ்சுமுறிப்பு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சைக் கொண்டு செய்யப்படுவது. சருகுக்குள் கிடக்கும், மூக்கு நிமிர்ந்த சிறு விரியன் அந்த நான்கில் சேராது. சிங்களத்தில் குனகட்டுவா என்றும் பொலொன் தெலிஸ்ஸா என்றும் சொல்வது அதனைத்தான். அதன் கடிக்கு இந்த மருந்து பயன்படாது. ஆகவே எந்தப் பாம்பு என்ற கேள்வி முக்கியமானதே. ஆனால் அதைக் கேட்கவேண்டியவர் வைத்தியர், கேட்கும் இடம் ஆசுபத்திரி. பயிர்ச் சுட்டியில் பிழைவிட்டால் ஒரு போகம் போகும். இதில் அப்படியல்ல.

இனி, யார் செய்வது என்ற கேள்வி. எமது கைக்கு வந்த துண்டுப்பிரசுரங்களில் களைகளின் அழகான வர்ணப் படங்கள் இருந்தன, கேள்விகள் இருக்கவில்லை. படத்தில் உள்ள செடி எப்போதும் முழு வளர்ச்சியோடு, பூத்து, தனியாக நிற்கிறது. வயலில் உள்ளது சேற்றோடு, மூன்று இலையோடு, பத்துச் செடிக்கு நடுவில் நிற்கிறது. ஒலுவிலில் எமது கண்முன்னே தென்கிழக்குப் பல்கலைக்கழகம் எழுந்தது. அதன் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில், வயல்களுக்கு நடுவிலேயே இருக்கிறது. அங்கு படிக்கும் பிள்ளைகள் எமது பிள்ளைகள். ஒரு போகம் அவர்களில் நான்கு பேர் ஹாஜியார் போன்றவர்களோடு வரம்பில் நடந்தால், நாற்றுப் பருவச் சுட்டியொன்றைத் தமிழில் எழுதி முடித்துவிடலாம். கமநல சேவை நிலையங்கள் அதை ஒற்றைத்தாளில் அச்சிட்டு விதைநெல்லோடு கொடுக்கலாம். மருந்துக்கடைக்குப் போகும் முன் அந்தத் தாளோடு வயலுக்குப் போகும் பழக்கம் எமது குடும்பங்களுக்கு வரவேண்டும். போகிறவர் ஆணாகத்தான் இருக்கவேண்டும் என்றுமில்லை. களை பிடுங்கும் பெண்களே மூட்டை அதிகம் பார்ப்பவர்கள்.

அவர்கள் வரும்வரை நாம் காத்திருக்கப் போவதில்லை. அந்தப் பேத்தி எழுதிய தாள் இப்போது எம்மிடம் இருக்கிறது. அதில் ஏழு கேள்விகள் உண்டு. "நாக்கு உண்டு, காது இல்லை" என்ற கவருக்கு எதிரே பெயர் எழுதும் இடம் வெறுமையாக இருக்கிறது. அந்தப் புல்லை ஹாஜியாருக்குத் தெரியும். எப்போது முளைக்கும், எந்தத் தண்ணீரில் அடங்கும் என்றெல்லாம் சொன்னார். பெயர் மட்டும் அவர் நாவுக்கு வரவில்லை. "எங்கட வாப்பா ஒரு பேர் சொல்லுவார்" என்று வரம்பில் குந்தியிருந்து நெடுநேரம் யோசித்தார். வரும் பெரும்போக விதைப்புக்குப் பிறகு, அறிந்த முதியவர்கள் யாரேனும் அந்தப் புல்லை வேரோடு பிடுங்கி ஈரத்துணியில் சுற்றி எம்மிடம் கொண்டுவந்தால், நாம் அதைத் தாளில் எழுதிவிடுவோம்.